நாற்பத்தோரு விநாடி

யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவருடைய வலது கை சும்மா இருக்காது. மேசை மேல் கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தீக்குச்சித் தலை அளவுக்கு விலகி நிற்கும். பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தினால் விரல்கள் கொஞ்சம் அகலும். நிறுத்தம் நீண்டால் இன்னும் கொஞ்சம். பேச்சு திரும்பத் தொடங்கும் கணத்தில் இரண்டும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவருக்கு இது தெரியாது. எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது, கைகளைத்தான் பார்ப்பேன். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்: மனிதர் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நம்மை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். நேரில் எல்லோருக்கும் அண்ணன். நகர்ந்த பிறகு கத்தரி. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை துறை அலுவலகத்திலிருந்து வந்த கடித உறையிலேயே யாரோ பென்சிலால் அப்படி எழுதியிருந்தார்கள். உறையைக் கிழிக்காமல் ஓரமாக வெட்டித் திறந்தார்.

எங்கள் காணொளிப் பிரிவு நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மூன்று அறைகள். முதல் அறையில் பாடங்களைப் பதிவு செய்வோம். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு அட்டை. மூன்றாவதில் கால் ஒடிந்த நாற்காலிகள். நடு அறையில் நாங்கள் மூன்று பேர். படம்பிடிக்கும் கேமரா அக்கா, பாடங்களைத் தொகுக்கும் அண்ணன், சுவரொட்டியும் சான்றிதழும் வடிவமைக்கும் நான்.

அவருடைய வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வகுப்பில் ஆசிரியர் ஒரு மணி நேரம் நடத்திய பாடம் அவர் கைக்கு வரும். இரண்டு விநாடிக்கு மேல் நீளும் மௌனத்தையெல்லாம் வெட்டிவிட்டு, மாணவர்கள் வீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி நாற்பத்தாறு, நாற்பத்தேழு நிமிடத்தில் கொடுக்க வேண்டும். திரையின் ஒலி வரைபடத்தில் பேச்சு மலை மலையாகத் தெரியும். நிறுத்தம் தட்டையாகக் கிடக்கும். அதை அவர் சமவெளி என்பார். "இன்னிக்கு வந்தவர் நல்ல மலைப்பிரதேசம்" என்றால் அந்த ஆசிரியர் கடகடவென்று பேசுகிறவர். வெட்டிய இடத்தில் படம் குதிக்கும் அல்லவா, அங்கே பாடக்குறிப்பின் பக்கத்தைத் திரையில் போட்டு மூடிவிடுவார். ஒட்டுப் போட்ட இடம் அவருக்கே மறுநாள் தெரியாது.

அக்கா அவரைச் சும்மா விடமாட்டார். "எங்க கல்யாண வீடியோவ இவர்கிட்ட குடுத்திருந்தா அஞ்சாவது நிமிஷம் புள்ளயே பொறந்திருக்கும்."

"குடுத்திருக்கணும். உங்க வீட்டுக்காரர் யோசிச்ச இடத்தையெல்லாம் எடுத்திருப்பேன்."

"அண்ணி கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா அதையும் வெட்டிடுவீங்களா?"

"அது பெரிய சமவெளி தாயி. கத்தி மழுங்கிடும்."

பதினொரு வருடத்தில் ஆயிரத்து நானூறு பாடங்கள். ஆசிரியர்களுக்கு அவரைப் பிடிக்கும். தன் பாடத்தைத் திரையில் பார்த்த ஒரு வேதியியல் ஆசிரியர், "நான் இவ்வளவு நல்லாவா நடத்தறேன்?" என்று கண் கலங்கியதை அக்கா இன்னும் நடித்துக் காட்டுவார்.

அண்ணனுக்கு ஒரே மகன். இதே பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தான். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு மூன்று மாதம் கட்டிலில் கிடந்தான். அந்தப் பருவத்துப் பாடம் முழுவதையும் காணொளியில்தான் படித்தான். எல்லாம் அப்பா வெட்டித் தொகுத்தவை. அப்பா மாலையில் வந்து பெருமையாகக் கேட்பாராம், "இன்னிக்கு எது பாத்தே?" என்று. கால் கூடியது. கட்டைப் பிரித்தார்கள். மகன் வகுப்புக்குத் திரும்பவில்லை. பொதிகள் பிரித்து அனுப்பும் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போனான். ஏன் என்று கேட்டால், "விடுங்கப்பா" என்பதற்கு மேல் பேச்சில்லை.

நான்கு வருடத்துக்கு மேல் ஆகி, அந்த ஜனவரியில்தான் வாயைத் திறந்தான். அதை அவர் எனக்குச் சொன்னது சிற்றுண்டிச் சாலை வரிசையில், கையில் காலித் தட்டோடு, எனக்கு முன்னால் நின்றபடி, திரும்பிப் பார்க்காமல்.

"'அவங்க யாரும் யோசிக்கறதே இல்லப்பா'ன்னான். 'எல்லாருக்கும் எல்லாம் உடனே வந்துடுது. ஒரு கணக்குக்கு நான் அரை நாள் உக்காந்திருந்தேன். அவர் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டுச் சிரிக்கறார். அப்பதான் தெரிஞ்சுது, இது என்னை மாதிரி ஆளுக்கு இல்லன்னு.'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான்டா வெட்டினேன்னேன். அதுக்கு அவன், 'இருமினது, தண்ணி குடிச்சது இதெல்லாம் வெட்டியிருப்பீங்க. யோசிக்கறதயா வெட்டுவாங்க? ஆறுதலுக்குச் சொல்லாதீங்க'ன்னான்."

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்ட, நான் அவர் தோளைத் தொட்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி. மகன் வெட்டாத பாடம் ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்தப் பாடம் என்பதும் அவருக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் இயற்கணிதப் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஐந்தாவது வரி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கையில் சுண்ணக்கட்டி, வகுப்புக்கு முதுகு. நாற்பத்தோரு விநாடி. பிறகு, "எங்கயோ தப்பு பண்ணிட்டேன், எங்கன்னு தெரியல, இருங்க" என்று சொல்லி, மேலே இரண்டாவது வரியில் ஒரு கழித்தல் குறியைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அண்ணன் அந்த நாற்பத்தோரு விநாடியையும் வெட்டினார், அந்த வாக்கியத்தையும் வெட்டினார், ஐந்து வரியையும் வெட்டினார். திருத்திய கணக்கு மட்டும் மிஞ்சியது. ஒட்டு மிக நன்றாக வந்திருந்ததாம். அந்தப் பேராசிரியர் இப்போது உயிருடன் இல்லை.

படிப்பை விட்டுப்போனவர்கள் ஐந்து வருடத்துக்குள் திரும்பச் சேரலாம் என்று பல்கலைக்கழகத்தில் விதி உண்டு. மகனுக்கு அந்த ஐந்து வருடம் வரும் ஜூனோடு முடிகிறது. அண்ணனின் மேசை நாட்காட்டியில் மற்ற மாதங்கள் கிழிபடாமல் கிடக்கும்; ஜூன் மட்டும் மடித்து வைத்திருக்கும்.

வெட்டாத மூலப் பதிவுகள் கணினி மையத்தின் சேமிப்பில் இருந்தன. முன்பெல்லாம் எங்கள் பிரிவே அவற்றைத் திறந்து பார்க்கலாம். புதிய மென்பொருள் வந்த பிறகு விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். அந்த மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மௌனத்தைத் தானே கண்டுபிடித்துத் தானே வெட்டும். அதைப் பழக்குவதற்காக அண்ணன் வெட்டிய பாடங்களையும் வெட்டாத மூலங்களையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்திருந்தார்கள். அதை நிறுவிய நாளில் கல்வியியல் துறைப் பேராசிரியை எங்கள் அறைக்கே வந்து அவர் கையைக் குலுக்கினார். நல்ல மனுஷி. யார் எதிரில் வந்தாலும் முதலில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பவர்.

"உங்க கைதான் சார் இப்ப மெஷினுக்குள்ள இருக்கு!"

"அதான் மேடம் பயமா இருக்கு" என்றார் அண்ணன். பேராசிரியை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருந்த மூன்று சொற்பொழிவுகளுக்கும் பேராசிரியைதான் ஒருங்கிணைப்பாளர். மார்ச் மாதத்தில் மூன்று புதன்கிழமைகள். முதலாவது செயற்கை நுண்ணறிவு, இரண்டாவது வடிவமைப்பு, மூன்றாவது கல்வித் தொழில்நுட்பம். மூன்றாவது முடிந்ததும் அரங்கிலேயே ஒரு தீர்மானம் எடுப்பதாக இருந்தார்கள்: இனி எல்லாப் பாடங்களையும் மென்பொருளே தொகுக்கும், சேமிப்பில் இடம் போதாததால் பழைய மூலப் பதிவுகளை நீக்கலாம். பிப்ரவரி பதினாறாம் தேதி வந்த சுற்றறிக்கையைப் படித்த அன்றே அண்ணன் இரண்டு காரியம் செய்தார். நாற்பத்தோரு விநாடிப் பதிவைக் கேட்டுக் கணினி மையத்துக்கு விண்ணப்பம் போட்டார். பேராசிரியையிடம் போய் மூன்றாவது சொற்பொழிவில் பத்து நிமிடம் கேட்டார்.

"பத்து நிமிஷம்தானே சார்? தாராளமா. உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்."

பிப்ரவரி பதினெட்டாம் தேதி அவர் என் மேசைக்கு வந்து நின்றார். சுவரொட்டியில் மூன்றாவது தலைப்பின் கீழே தன் வரியைத் தானே சொன்னார்: "அனுபவ உரை: காணொளித் தொகுப்பாளர், பதினொரு ஆண்டுகள்." எழுத்து எவ்வளவு பெரிது வேண்டும் என்று கேட்டேன். "அவன் வாசல்ல ஒட்டினா கட்டில்ல இருந்து படிக்கற அளவுக்கு" என்றார். பிறகு அவரே, "வேண்டாம், சும்மா இருக்கட்டும்" என்றார். பதினெட்டுப் புள்ளி எழுத்தில் வைத்தேன்.

அவர் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. மூலங்களை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு பாடத்தின் கீழும் 'முழுவதையும் பார்க்க' என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். அவ்வளவுதான். நான் வாசிக்கும் கவிதைப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பாதி வெற்றிடம்; எந்த அச்சகத்தாரும் அதை வெட்டிக் காகிதம் மிச்சம் பிடித்ததில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இருபத்தாறாம் தேதி பேராசிரியையிடமிருந்து தொலைபேசி. சிறப்புப் பேச்சாளர் கூடுதல் நேரம் கேட்கிறார். அந்த வரியில் 'நேரம் அனுமதித்தால்' என்று சேர்க்க வேண்டும். சேர்த்தேன். இடம் போதாமல் பன்னிரண்டு புள்ளிக்கு இறக்கினேன். மார்ச் மூன்றாம் தேதி, மென்பொருள் நிறுவனத்தின் சின்னத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள். வரியை எடுத்துவிட்டு 'கலந்துரையாடல்' என்று போட வேண்டும். நான் அதை நீக்கும்போது அண்ணன் பின்னால் நின்றிருந்தார். எனக்குச் சுட்டியை அழுத்த விரல் வரவில்லை.

"அழுத்துடா தம்பி. உன் தப்பா இது?"

அழுத்தினேன்.

"அந்த இடைவெளிய இழுத்துச் சரி பண்ணிடு. எடுத்த இடம் தெரியக் கூடாது" என்றார்.

பேராசிரியையைப் போய்ப் பார்த்தார். போஸ்டரில் இல்லாவிட்டால் என்ன, மேடையில் கண்டிப்பாக உண்டு என்று சொல்லி அனுப்பினார் அவர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னார்.

கணினி மையத்து விண்ணப்பம் அசையவில்லை. காலையில் வந்ததும் அண்ணன் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். சாப்பிட்டு வந்து திறப்பார். அதுவேதான். தொலைபேசியில் கேட்டால், "சிஸ்டத்துல என்ன காட்டுதோ அதான் சார்" என்று பதில். அக்கா, "நேர்ல போய் உக்காந்துடுங்கண்ணே" என்றார். போனார். படிவத்தை மறுபடி நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினார்.

பதிவு வராது என்று தெரிந்ததும் ஒரு யோசனை செய்தார். பஞ்சு அட்டை அறையில் மதிய இடைவேளையில் என்னை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். கையெழுத்தில் எட்டுப் பக்கம். நான்காவது பக்கத்தில், பேராசிரியர் ஐந்தாவது வரி எழுதினார் என்று சொன்னதும் நிறுத்திவிட்டார். சும்மா நின்றார். ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த அறையில் எதிரொலி கிடையாது. என் எச்சில் இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தேன். கடைசியில் பேசினார்.

"நாப்பத்தொண்ணு. எப்படி இருந்துச்சு?"

"மூச்சு முட்டிடுச்சுண்ணே."

"ஹா! அதான். படம் இல்லன்னா என்ன, நானே நிக்கறேன். அவர் எவ்வளவு நேரம் நின்னாரோ அவ்வளவு நேரம். அப்புறம் சொல்வேன், இதைத்தான் ஆயிரத்து நானூறு தடவை வெட்டினேன்னு."

"முன்னாடியே சொல்லிட்டு நின்னா..."

"சொல்லிட்டு நின்னா அது நடிப்புடா. வாத்தியார் சொல்லிட்டா நின்னாரு?"

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பேச்சோடு திரையில் காட்ட ஐந்தாறு பக்கங்கள் நான்தான் தயாரித்திருந்தேன், சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார். மூன்று மாடி ஏறிப் போக வேண்டிய சிறிய வீடு. அண்ணி கதவைத் திறந்து, "உள்ள வாப்பா, சொற்பொழிவு நடக்குது" என்றார். அண்ணன் துணி காயப்போடும் கொடிக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மகன் வாசற்படியில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கிடங்கின் ஆரஞ்சுச் சட்டை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அப்பாவின் சிரிப்புதான்.

"மூணாவது புதன்கிழமை வர்றியாடா?" என்றார் அண்ணன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஷிஃப்ட் இருக்குப்பா."

"மாத்திக்க முடியாதா?"

"எதுக்குப்பா மாத்தணும்? நீங்க வீட்ல சொன்னதுதானே அங்கயும் சொல்லப் போறீங்க." கயிற்றை இறுக்கினான். "வீடியோ வரும்ல. பாத்துக்கறேன்."

"ஜூன் வரைக்கும்தான்..."

"அப்பா." அவ்வளவுதான் சொன்னான். படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. ஒரு காலை மட்டும் கொஞ்சம் பலமாக ஊன்றுகிற சத்தம்.

முதல் புதன்கிழமை செயற்கை நுண்ணறிவு. நீல விளக்கு எரியும் மூளைப் படம் ஒன்றைக் காட்டி, பயப்படுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் பேச்சாளர். எல்லோரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். இரண்டாவது புதன்கிழமை வடிவமைப்பு. நல்ல வடிவமைப்பு கண்ணுக்கே தெரியாது என்று ஒரு மணி நேரம் ஒரு நாற்காலியைக் காட்டிப் பேசினார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த அரங்க நாற்காலியின் சாய்மானம் கழன்றிருந்தது. அக்கா என் காதில், "கண்ணுக்குத் தெரியாட்டிப் போகுது, முதுகுக்குத் தெரியுதே" என்றார். அண்ணன் இரண்டு நாளும் வந்தார். விரல்களை முழங்காலில் வைத்தபடி கடைசி வரை கேட்டார்.

மூன்றாவது புதன்கிழமை சிறப்புப் பேச்சாளர் இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகப் பேசினார். பிறகு கேள்விகள். பிறகு மென்பொருள் நிறுவனத்தார் ஒரு விளக்கப்படம் போட்டார்கள். பேராசிரியை இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேடைப் படியோரம் நின்றிருந்த அண்ணனிடம் வந்தார். நான் பக்கத்தில் சுவரொட்டித் தாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாலு நிமிஷத்துல முடிச்சிடுவீங்களா சார்? ரொம்ப சாரி."

"முடிச்சிடறேன் மேடம்."

எட்டுப் பக்கத்தில் நடுவிலிருந்து நான்கைந்து தாள்களை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். நின்ற நிலையில் தன்னையே வெட்டிக்கொள்ள அவருக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாது. மத்தவங்க பேசினதை வெட்டத்தான் தெரியும்" என்று தொடங்கினார். அரங்கம் சிரித்தது. நல்ல சிரிப்பு. பதினொரு வருடக் கணக்கைச் சொன்னார். மலை, சமவெளி சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். "ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். இந்த ஊர்ல அவர் அளவுக்குக் கணக்கு தெரிஞ்சவர் யாரும் கிடையாது. ஒரு நாள் போர்டுல அஞ்சாவது வரி எழுதினார்" என்றார்.

நின்றார்.

ஐந்தாவது விநாடி வரை எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எட்டாவதில் ஒருவர் இருமினார். பன்னிரண்டில் முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் முகத்தில் கலக்கமே இல்லை. பார்வை நேராக, கைகள் தொங்க, ஒரு கரும்பலகை முன்னால் நிற்பவர் மாதிரி நின்றார். பதினாறில் யாரோ, "பாவம்" என்றார்கள். எனக்குப் பின்னால்தான் அந்தக் குரல். திரும்பி, அவர் மறக்கவில்லை, அது பேச்சின் பகுதி, விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒத்திகை பார்த்தவன் நான் ஒருவன்தான். தாங்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இருபதாவது விநாடியில் மூலையிலிருந்து ஒரு கைதட்டல். தைரியம் கொடுக்கிற கைதட்டல். அது பரவியது. அரங்கம் முழுக்கத் தட்டியது; சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். பேராசிரியை ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு மேடைக்கு ஓடினார். அவர் தோளில் கை வைத்து, "பரவாயில்ல சார், பரவாயில்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். அது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் வாயைத் திறந்தார். ஒலிவாங்கி அதற்குள் பேராசிரியை கையில் இருந்தது. "நன்றி சார், ரொம்ப அழகா சொன்னீங்க" என்றார். மூன்று வாரத்திலும் அவ்வளவு பெரிய கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்.

அடுத்த நிமிடம் தீர்மானத்தை வாசித்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள்.

அறைக்குத் திரும்பியதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் திட்டினார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிட்டு நின்னுருக்கலாம்ல? இப்பப் பாருங்க, மேடை பயம்னு நெனச்சுட்டாங்க."

"இருபத்திமூணு நின்னுட்டேன்" என்றார் அண்ணன். "இன்னும் பதினெட்டுதான் பாக்கி."

நான்கு நாளில் சொற்பொழிவின் காணொளி வெளியானது. தொகுத்தது மென்பொருள். மௌனத்தோடு நீண்ட கைதட்டலையும், அதற்குள் அகப்பட்ட பேச்சையும் அது வெட்டும். அஞ்சாவது வரி எழுதினார் என்று அண்ணன் சொல்கிறார். அரை விநாடியில், ரொம்ப அழகா சொன்னீங்க என்கிறார் பேராசிரியை. நடுவில் பல்கலைக்கழகச் சின்னம் ஒருமுறை மின்னி மறைகிறது. மேடையில் நின்றவர் தடங்கலே இல்லாமல் இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கியிருக்கிறார். அண்ணன் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "ஒட்டு சுத்தமா இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில், கணினி இன்னும் முழுதாகத் திறக்காத நேரத்தில், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"பாத்தான்."

யார் என்று கேட்கவில்லை. "என்ன சொன்னான்?"

"'நல்லா பேசினீங்கப்பா. எங்கயும் நிக்கவே இல்ல. நீங்களும் அவங்கள மாதிரியேதான் பேசறீங்க'ன்னான்." கணினி திறந்தது. "வெட்டிட்டாங்கடான்னேன். சிரிச்சான்."

மே மாதம் அவரை அடையாள அட்டைப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேருபவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுக்கும் வேலை. ஒருவருக்குப் பன்னிரண்டு விநாடி. ஜூன் வந்தது. திரும்பச் சேரும் விண்ணப்பம் வாங்கும் சாளரமும் அடையாள அட்டைச் சாளரமும் ஒரே கூடத்தில், எதிரெதிரே இருந்தன. கடைசி நாள் மாலை வரை அவர் அந்தப் பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டே படம் எடுத்ததாக அக்கா சொன்னார். சில படங்களில் தலை பாதி வெட்டுப்பட்டு, அந்தப் பிள்ளைகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்ததாம். மகன் வரவில்லை. சாளரத்தை மூடினார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஆகஸ்டில். கணினி மையம் தன் ஆண்டுச் சாதனைகளைச் சுவரொட்டியாகப் போடச் சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது. எவ்வளவு மின்சாரம் மிச்சம், எவ்வளவு சேமிப்பு இடம் மீட்கப்பட்டது என்று தேதியோடு வரிகள். ஒரு வரியில் தேதி தவறு என்று நினைத்து, கொண்டுவந்தவரிடம் காட்டினேன். அங்கே பல வருடமாக இருக்கும் தொழில்நுட்பர் அவர்.

"மூலக் காணொளிகள் நீக்கம், பிப்ரவரி ஒன்பதுன்னு போட்டிருக்கு. தீர்மானமே மார்ச்சுலதானே சார்?"

"தேதி சரிதான் தம்பி. இடம் ரொம்பிடுச்சு. தீர்மானம் எப்படியும் வரும், நீங்க ஆரம்பிங்கன்னாங்க. நான்தான் உக்காந்து அழிச்சேன். அழிச்சு முடிக்க நாலு நாளாச்சு."

"அதுக்கப்புறம் யாராவது அதுல ஒண்ணைக் கேட்டு விண்ணப்பம் போட்டா?"

"கோப்பு இல்லன்னு காட்ட அதுல வசதி இல்ல. பரிசீலனையில் உள்ளதுன்னுதான் காட்டிக்கிட்டே இருக்கும்."

பிப்ரவரி ஒன்பது. அண்ணன் தன் வரியைச் சொல்ல என் மேசைக்கு வந்து நின்றதற்கு ஒன்பது நாள் முன்னால்.